பிஸ்டன் ஐந்து தடவை இறங்கியது

நேயர்களுக்கு வணக்கம்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை, வீட்டுக் கொட்டகையில் ஒரு சின்ன நீராவி எஞ்சினை ஓடவிட்டேன். எட்டு மாதமாகச் செய்த மாடல் அது. பித்தளை சிலிண்டர், தேக்குமரத் துலா, துலாவின் மறுமுனையில் வாளித் தண்ணீரை இறைக்கும் ஒரு பம்பு. பிஸ்டன் ஐந்து தடவை இறங்கியது. ஐந்து தடவையும் பம்பு தண்ணீரைக் கொட்டியது. அப்புறம் நின்றுவிட்டது. அடுப்பு நன்றாக எரிகிறது, பாய்லர் கொதிக்கிறது, எங்கும் ஒழுகல் இல்லை. ஆனாலும் நின்றுவிட்டது. முப்பது வருடம் லேத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்தவன் நான். வெப்பத்தைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, அது ஏன் நின்றது என்று தேடிய அந்த நாட்களில்தான்.

நான் செய்தது தாமஸ் நியூகோமனுடைய எஞ்சினின் மாடல். அவர் இங்கிலாந்தில் டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர். 1712-ல், டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க இந்த எஞ்சினை நிறுத்தினார். அதன் சிலிண்டர் 21 அங்குல விட்டம், ஏறக்குறைய 8 அடி உயரம். நிமிஷத்துக்கு 12 தடவை ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் சுமார் 45 லிட்டர் தண்ணீரை 150 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தது.

நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நடுவில் அச்சு, மேலே நீண்ட துலா. ஒரு முனையில் பம்புக் கம்பிகள் தொங்கும், மறுமுனையில் சங்கிலியில் பிஸ்டன் தொங்கும். பம்புப் பக்கம் கனம் அதிகம் என்பதால் அந்த முனை தானாகத் தாழும், பிஸ்டன் மேலே ஏறும். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் நீராவி நிறைகிறது. வால்வை மூடிவிட்டு, உள்ளே கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். நீராவி அப்படியே சுருங்கித் தண்ணீராகிவிடும், சிலிண்டர் கிட்டத்தட்ட வெற்றிடமாகிவிடும். வெளியில் இருக்கும் காற்று பிஸ்டனை மேலிருந்து அமுக்கும். ஏற்றத்தில் துலாமேல் ஆள் நடந்து செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது.

காற்றுக்கு அவ்வளவு பலமா என்று கேட்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. என் சிலிண்டர் 5 சென்டிமீட்டர் விட்டம், பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். முழு வெற்றிடம் கிடைத்தால் 20 கிலோ. பாதி கிடைத்தாலும் 10 கிலோ. சின்ன பம்புக்கு அது தாராளம்.

இந்தப் பலத்தை ஒரு தகர டின்னை வைத்து நேரில் பார்த்தேன். முதலில் பாய்லருக்கு எண்ணெய் டின் ஒன்றைத்தான் வைத்திருந்தேன். வால்வு மூடியிருக்கும்போது காற்றடித்து அடுப்பு அணைந்துவிட்டது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். டின் ‘டமார்’ என்று உள்பக்கமாக நசுங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு செப்புக் குடம்தான். அதில் இரண்டு அடி உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தினேன். குழாயின் அடி, குடத்துத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். மேல்வாய் திறந்தே இருக்கும். அழுத்தம் கூடினால் தண்ணீர் அதன் வழியாக ஏறி வெளியே வழியும், குறைந்தால் காற்று உள்ளே வரும். யாராவது இந்த மாடலைச் செய்ய நினைத்தால், தயவுசெய்து அந்தக் குழாய் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

பிஸ்டனுக்குத் தோல் வாசர். சைக்கிள் பம்பில் இருக்குமே, அதே கிண்ண வடிவம்தான், அளவு பெரியது. செருப்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, இரண்டு நாள் காயவிட்டால் கிண்ணம் தயார். அதற்கு மேலே ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். நியூகோமனும் தோலும் தண்ணீரும் வைத்துத்தான் இடுக்கை அடைத்தார். அந்தக் காலத்து சிலிண்டர்களின் உள்சுவர் ஒழுங்கான வட்டமாக இருக்காது, அவருக்கு வேறு வழியில்லை.

முதல் நாள் பிஸ்டன் அசையவே இல்லை. காரணம் காற்று. தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். நீராவி சுருங்கினாலும் அந்தக் காற்று சுருங்காமல் உள்ளே தங்கிவிடும். அதை வெளியே தள்ள, அடியில் ஒரு சின்ன வால்வு வேண்டும். நீராவி உள்ளே வரும்போதெல்லாம் பழைய காற்று அதன் வழியாக, சளி பிடித்தவர் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு போகும். ஆங்கிலத்தில் அந்த வால்வுக்கே அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பெயர். அதைப் பொருத்திய பிறகுதான் நான் சொன்ன ஐந்து இறக்கமும் கிடைத்தது.

சரி, ஆறாவது ஏன் கிடைக்கவில்லை? ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பிஸ்டன் ஓடும் தூரம் 15 சென்டிமீட்டர். அப்படியானால் சிலிண்டர் கொள்வது 300 மில்லிலிட்டர் நீராவி. அதன் எடை 0.18 கிராம். நான்கு துளித் தண்ணீர்கூட இல்லை! அந்த நீராவி தண்ணீராக மாறும்போது தரும் வெப்பம் சுமார் 95 கலோரி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் சின்னக் கலோரியைச் சொல்கிறேன். என் பித்தளை சிலிண்டரின் எடை முக்கால் கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 70 கலோரி வேண்டும். குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி சிலிண்டரை 6 டிகிரி குளிரவைத்தால், அந்த 6 டிகிரியைத் திரும்ப ஏற்றவே நான்கு சிலிண்டர் நீராவி செலவாகிவிடும். ஐந்தாவது சிலிண்டர்தான் வேலைக்கு. என் குடத்தால் அவ்வளவு நீராவி கொடுக்க முடியவில்லை.

பெரிய எஞ்சினிலும் இந்த நஷ்டம் உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. அண்டாவில் வெந்நீர் ராத்திரி முழுக்கச் சூடாக இருக்கும், டம்ளர் வெந்நீர் கால் மணியில் ஆறிவிடும். அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் உள்ளே இருக்கும் நீராவி ஆயிரத்தில் ஒன்றாகிறது, ஆனால் சுவரின் பரப்பு நூற்றில் ஒன்றுதான் ஆகிறது. மாடல் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு ஒருநாள் வந்து சேருவார்கள்.

இதே இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருக்கிறார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த நியூகோமன் எஞ்சினின் மாடல் ஒன்று வைத்திருந்தார்கள். 2 அங்குல சிலிண்டர், 6 அங்குல ஓட்டம். கிட்டத்தட்ட என் மாடலின் அளவேதான். அது சரியாக ஓடவில்லை. லண்டனுக்கு அனுப்பியும் பார்த்திருந்தார்கள். 1763 குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்துகொண்டிருந்த 27 வயது ஜேம்ஸ் வாட்டிடம் அதைக் கொடுத்தார்கள். அவர் தண்ணீரைக் குறைத்துப் பீய்ச்சி, பம்பின் சுமையையும் குறைத்து, அதை ஓடவைத்துவிட்டார். ரிப்பேர் வேலை அதோடு முடிந்தது. அவர் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நீராவி செலவாகிறது என்று அளந்தார். சிலிண்டர் கொள்வதைப்போலப் பல மடங்கு. கொஞ்சம் நீராவி தன்னைப்போல ஆறு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதையும் பார்த்தார். அங்கே பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக்கிடம் போய்க் கேட்டார். நீராவி தண்ணீராக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தை மறைவெப்பம் என்று இன்று பள்ளியில் படிக்கிறோமே, அதை அவருக்கு விளக்கியவர் பிளாக்தான்.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடந்துபோகும்போது வாட்டுக்கு வழி தோன்றியது. நீராவியை சிலிண்டருக்குள் குளிரவைக்காமல், பக்கத்தில் வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைப்பது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும், பாத்திரம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். ஒண்ணேமுக்கால் அங்குல விட்டமுள்ள ஒரு பித்தளை சிரிஞ்சை சிலிண்டராக வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார்.

கடைசல்காரனாக எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. சிலிண்டர் சூடாகவே இருக்க வேண்டுமென்றால் பிஸ்டன்மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. தண்ணீர் இல்லையென்றால் இடுக்கே இருக்கக் கூடாது. அவ்வளவு சுத்தமாகப் பெரிய சிலிண்டரைக் கடைந்து தர அப்போது ஆள் இல்லை. 1769-ல் காப்புரிமை கிடைத்தும் வாட் வருடக்கணக்கில் காத்திருந்தார். 1774-ல் ஜான் வில்கின்சன் பீரங்கி துளைக்க ஒரு இயந்திரம் செய்தார். அதே முறையைக் கொஞ்சம் மாற்றி, கடையும் தண்டு சிலிண்டருக்குள் முழுக்கப் புகுந்து இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும்படி ஆக்கினார். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு வளையும், இரண்டு பக்கமும் பிடித்தது வளையாது. லேத்தில் நின்ற யாருக்கும் அதன் அருமை தெரியும். 1776-ல் வாட்டின் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன.

என் மாடலிலும் அதையே செய்தேன். பீய்ச்சும் குழாயை அடைத்தேன். சிலிண்டரைச் சுற்றிப் பஞ்சுக்கயிறு, அதன்மேல் மரச் சட்டங்கள். பிஸ்டன்மேல் தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய். சிலிண்டரின் அடியிலிருந்து ஒரு செப்புக் குழாய், சுருளாக வாளித் தண்ணீருக்குள். சுருளில் சேரும் நீரையும் காற்றையும் வெளியே இழுக்க, வாசரைத் திருப்பிப் போட்ட ஒரு சைக்கிள் பம்பு. அதை துலாவோடு கட்டிவிட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு மாலை அடுப்பைப் பற்றவைத்தேன். ஐந்து இறக்கம், ஆறு, ஏழு. இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. வாளித் தண்ணீர் கைபொறுக்காத சூட்டுக்கு வந்ததும் துலா தளர்ந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மொண்டு ஊற்றினேன். மூன்றாவது இறக்கத்திலேயே பழைய வேகம் வந்துவிட்டது.

வணக்கம்.