பாட்டும் கையெழுத்தும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் பேச்சில் பாதியைக் கொண்டுபோய்விட்ட பேராசிரியர் பெருமகனாரே, பொன்னாடை போர்த்திய விழாக் குழுவினரே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கிற தம்பி தங்கைகளே, வணக்கம்.

பட்ட பாடு பாட்டாவது எப்படி? சொல், மெட்டு, பணம் என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் பணத்துக்கே போய்விடுகிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. நான் எந்த மேடையிலும் இதை விடுவதில்லை.

ஜூவல் என்றொரு அமெரிக்கப் பாடகி. 1974இல் பிறந்தவர். அலாஸ்காவில் ஹோமர் ஊர்ப்பக்கம், குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீட்டில் வளர்ந்தார். சிறுமியாக அப்பாவோடு மதுக்கூடங்களில் பாடினார். பதினெட்டு வயதில் கலிபோர்னியாவின் சான் டியகோ நகரில் ஒரு வேலை. முதலாளி தப்பாக நெருங்கினான். இந்தப் பெண் முடியாது என்றார். சம்பளம் வரவில்லை, வாடகை கட்ட வழியில்லை, காரே வீடாயிற்று. சிறுநீரகத்தில் நோய் வந்து மருத்துவமனைக்குப் போனால், காப்பீடு இல்லை, போ என்றார்கள். அதைப் பார்த்த ஒரு மருத்துவர் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்து மருந்து கொடுத்தார். கைதட்டுங்கள், அந்த மருத்துவருக்கு!

பிறகு ஒரு காப்பிக் கடையில் கிட்டாரோடு பாடத் தொடங்கினார். தன் பாட்டு, தன் கதை. நாலைந்து பேர் கேட்ட இடத்தில் கூட்டம் கூடியது. பாட்டைப் பதிவுசெய்து விற்கும் இசைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முன்பணம் பத்து லட்சம் டாலர்! காரில் தூங்குகிற பெண்ணுக்கு! நானாக இருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பேன். அவர் நூலகத்துக்குப் போனார். இசைத்தொழில் ஒப்பந்தம் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்தார். முன்பணம் பரிசல்ல, பின்னால் தன் பங்கிலிருந்து கழிக்கப்படும் கடன் என்று தெரிந்துகொண்டார். அது வேண்டாம், விற்பனையில் கூடுதல் பங்கு கொடுங்கள் என்றார்.

1995இல் வந்த முதல் பாடல் தொகுப்பு ஓராண்டுக்கு மேல் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அந்தப் பெருங்கடன் கழுத்தில் இருந்திருந்தால் கம்பெனி அவரைக் கைகழுவியிருக்கும். பிறகு விற்றது பாருங்கள், அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகளுக்குமேல்! அளந்து போட்டார் ஐயா, அளந்து போட்டார்!

நம் பிள்ளைகளும் அழுததைப் பாட்டாக்குகிறார்கள். ஆங்கிலத்தில் நீட்டப்படும் தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒப்பந்தம் தமிழில் வேண்டும், படிக்க ஒரு வாரம் வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை. மனு வாசலில் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டாம் பக்கத்தையும் புரட்டுங்கள்.