பிரௌசரை மாற்றுவதா, இருப்பதையே புதுப்பிப்பதா?

[திரையில்: பழைய கணினி ஒன்று. குரோம் திறந்திருக்கிறது. இனி புதுப்பிப்புகள் வராது என்று மேலே ஓர் அறிவிப்புப் பட்டை.]

வணக்கம். இப்படி ஒரு அறிவிப்பு வந்தாலும், பிரௌசரைத் திறந்ததும் கணினி திணறினாலும், பலருக்கும் முதலில் தோன்றுவது "வேறு பிரௌசருக்குப் போய்விடலாமா" என்பதுதான். போகலாம். ஆனால் புதுப்பிப்பது வேறு, மாறுவது வேறு. புதுப்பிப்பதில் யோசிக்க எதுவும் இல்லை, இன்றே செய்துவிட வேண்டும். மாறுவதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி என்றொரு பட வடிவம் இருக்கிறது. அந்தப் படங்களைத் திறந்து காட்டும் நிரலில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. விஷமமாகத் தயாரித்த ஒரு படம் பக்கத்தில் வந்தாலே போதும், அதன் வழியாக உங்கள் கணினிக்குள் நுழைய முயலலாம். அதே நிரலைத்தான் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ் எல்லாமே பயன்படுத்தின. சில நாட்களுக்குள் எல்லோரும் திருத்தம் வெளியிட்டார்கள். எந்த பிரௌசர் என்பது அங்கே பொருட்டே இல்லை. அப்டேட் செய்தவர் தப்பித்தார், தள்ளிப்போட்டவர் திறந்த கதவோடு இருந்தார்.

[திரையில்: மூன்று புள்ளி மெனு, உதவி, குரோம் அறிமுகம்.]

சரி, எப்படிப் பார்ப்பது? மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, உதவி, அப்புறம் அறிமுகம் என்று போங்கள். புதிய பதிப்பு இருந்தால் அதுவே இறங்கிவிடும். இறங்கினால் மட்டும் போதாது, பிரௌசரை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏதாவது ஓர் இணையதளத்தின் பக்கத்துக்குள் "உங்கள் பிரௌசர் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். வைரஸ் பரப்புகிறவர்களின் பழைய வழி அது. அப்டேட் எப்போதும் பிரௌசரின் மெனுவிலிருந்துதான்.

இனி, அப்டேட்டே வராத கணினிகள். விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். ஃபயர்பாக்ஸுக்கு அந்த எல்லை 115. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் தந்தார்கள். ஆகவே இங்கே பிரௌசரை மாற்றுவது கொஞ்ச காலத்தைத்தான் வாங்கித் தரும். நிஜமான தீர்வு இயங்குதளத்தை மாற்றுவது. கணினி புதிய விண்டோஸைத் தாங்காது என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் ஓரளவு நன்றாகவே ஓடும், புதிய ஃபயர்பாக்ஸும் அதில் கிடைக்கும்.

[திரையில்: குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஒரு பக்கம். ஃபயர்பாக்ஸ் மறுபக்கம்.]

இப்போது மாறுவதைப் பற்றிப் பேசலாம். திரையில் இடப்பக்கம் இருக்கும் ஐந்துக்கும் அடியில் இருப்பது ஒன்றே, குரோமியம் என்ற பொதுவான அடித்தள நிரல். எட்ஜ்கூட 2020 ஜனவரியில் அதற்கு மாறிவிட்டது. குரோமில் ஒரு பக்கம் சரியாகத் திறக்கவில்லை என்பதற்காக எட்ஜுக்குப் போனால் பெரும்பாலும் அங்கேயும் அதே கதைதான். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று கெக்கோ என்ற எஞ்சின், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரல், வைத்திருக்கிறது. ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, எந்த பிரௌசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான்.

அப்படியானால் எதற்காக மாறலாம்? என்னைக் கேட்டால், விளம்பரத் தடுப்பு ஒன்றே போதுமான காரணம். எக்ஸ்டென்ஷன்களுக்கான, அதாவது பிரௌசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களுக்கான விதிகளை குரோம் மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்று பெயர். பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே இடைமறித்துத் தடுக்கும் பழைய வழி அதனால் அடைபட்டது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் 2025இல் குரோமில் நின்றுபோனது, லைட் என்ற குறைந்த வடிவம் மட்டும் மிச்சம். ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. விளம்பரமும் வேவு நிரல்களும் இல்லாத பக்கம் எவ்வளவு இலகுவாகத் திறக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் திரும்பிப்போக மனம் வராது.

அதே நேரம், குரோமில் மட்டுமே சோதித்துப் பார்த்த தளங்கள் உண்டு. அவற்றுக்காக குரோமியம் வகையில் ஒன்றைக் கணினியில் வைத்திருங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கேட்கும் பழைய அலுவலகத் தளம் என்றால் எட்ஜில் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது.

வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால், மாறுவதற்கு முன் அதே தளத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக இயங்காது. அங்கே வேகமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன்தான். விண்டோஸில் குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்றும் தெரியும்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? புக்மார்க்கும் பாஸ்வேர்டும் புதிய பிரௌசரின் இறக்குமதி வசதியிலேயே வந்துவிடும். வராவிட்டால் பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். ஏற்றி முடித்த கையோடு அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.