உதவிப் பெட்டியின் சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பணக்கார நாடு ஏழை நாடுகளுக்கு உதவி ஒதுக்கியிருக்கிறது என்று செய்தி வந்தால், நாம் முதலில் கேட்பது தொகையைத்தான். எத்தனை கோடி, போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று. நான் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன். அந்தப் பணப்பெட்டியின் சாவி எந்த அமைச்சரின் இடுப்பில் இருக்கிறது? இதைப் பேசுவதற்கு பிரிட்டன் மாதிரி வசதியான உதாரணம் வேறு கிடையாது. அறுபது ஆண்டுகளாக அங்கே அந்தச் சாவி கைமாறிக்கொண்டே இருக்கிறது.

1964-ல் ஹரால்ட் வில்சன் பிரதமரானார். வெளிநாட்டு மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சகம் தொடங்கி, பார்பரா காசிலை அதற்கு அமைச்சராக்கினார். 1970-ல் எட்வர்ட் ஹீத் வந்து அதை வெளியுறவு அமைச்சகத்துக்குள் சேர்த்தார். 1974-ல் மறுபடி தனி. 1979-ல் மார்கரெட் தாட்சர் மறுபடி உள்ளே இழுத்தார். 1997-ல் டோனி பிளேர் வெளியே கொண்டுவந்தார். 2020-ல் போரிஸ் ஜான்சன் உள்ளே தள்ளினார். தொழிற்கட்சி வந்தால் தனிக்குடித்தனம், கன்சர்வேடிவ் கட்சி வந்தால் கூட்டுக்குடும்பம். ஏறக்குறைய அப்படித்தான் நடந்திருக்கிறது. ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அமைச்சகத்தின் பெயர்ப் பலகை எங்கே தொங்கினால் என்ன, பணம் போய்ச் சேர்ந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் மலேசியாவில் இருக்கிறது.

கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் என்ற ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 600 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று. அந்தக் கதை மின்சாரத்தில் தொடங்கவில்லை, ஆயுதத்தில் தொடங்கியது. 1988 மார்ச்சில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் கோலாலம்பூருக்குப் போனார். மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும், அந்த மதிப்பில் 20 சதவீதத்துக்கு பிரிட்டன் உதவி தரும் என்று ஒப்பந்தக் குறிப்பு ஒன்று கையெழுத்தானது. லண்டனில் விஷயம் தெரிந்ததும் தூக்கிவாரிப்போட்டது. ஆயுத விற்பனையையும் உதவியையும் முடிச்சுப் போடக் கூடாது என்பதுதானே அரசே ஊருக்குச் சொல்லிவந்த கொள்கை! என்ன செய்தார்கள் தெரியுமா? ஜூன் மாதம் ஒரே நாளில் மலேசியாவுக்கு இரண்டு கடிதங்கள் போயின. ஒன்றில், இரண்டையும் சேர்த்துப் பேச முடியாது என்று இருந்தது. மற்றதில், 20 கோடி பவுண்டு உதவி தரத் தயார் என்று இருந்தது. ஆயுதப் பேரம் 100 கோடி பவுண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் 20 சதவீதம் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் விலை ஏறியது. பெர்காவ் திட்டத்துக்கு 31.6 கோடி பவுண்டு ஆகும் என்று கட்டுமானக் கம்பெனிகள் சொல்லியிருந்தன. 1989 மார்ச்சில் மலேசியப் பிரதமர் மகாதீர் லண்டன் வந்தபோது தாட்சர் உதவி தருவதாக வாக்குக் கொடுத்தார். சில வாரங்களிலேயே மதிப்பீடு 39.7 கோடியாகிவிட்டது. உதவித் துறையின் பொருளாதார வல்லுநர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எரிவாயுவில் மின்சாரம் எடுப்பது இதைவிட மலிவு, இந்த அணைக்கு இப்போது அவசரமே இல்லை என்று விடை வந்தது. துறையின் செயலாளர் டிம் லாங்கெஸ்டர் 1991 பிப்ரவரியில், இது உதவிப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றே கோப்பில் எழுதிவிட்டார்.

பிரிட்டிஷ் நிர்வாகத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. இந்தச் செலவுக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்று செயலாளர் சொல்லிவிட்டால், அமைச்சர் எழுத்தில் உத்தரவு போட்டால்தான் பணம் நகரும். வாய்வார்த்தை செல்லாது. அந்த உத்தரவை வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் போட்டார். 23.4 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

ஹர்ட் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. பிரதமர் கொடுத்த வாக்கு, நட்பு நாடு, பிரிட்டிஷ் கம்பெனிகளின் வியாபாரம், இவற்றைக் காப்பாற்றுவதுதான் வெளியுறவு அமைச்சரின் வேலை. அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். சிக்கல் என்னவென்றால், ஏழைகளுக்கான பெட்டியின் சாவியும் அவரிடமே இருந்தது. உதவித் துறை அப்போது வெளியுறவுக்குள் ஒரு பிரிவு. அதற்கென்று அமைச்சரவையில் எழுந்து முடியாது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

முடியாது என்று கடைசியில் நீதிமன்றம் சொன்னது. வேர்ல்டு டெவலப்மெண்ட் மூவ்மெண்ட் என்ற பிரசார அமைப்பு வழக்குப் போட்டது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேம்பாட்டுக்கென்று செலவு செய்தால் அது பொருளாதார ரீதியில் உருப்படியான மேம்பாடாக இருக்க வேண்டும், பெர்காவ் அப்படியில்லை, எனவே இந்த உதவி சட்டவிரோதம் என்று 1994 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை அதன் சொந்த நீதிமன்றமே கணக்குப் புத்தகத்தை வைத்துப் பிடித்தது என்பது சாதாரண விஷயமில்லை.

1997-ல் பிளேர் தனி அமைச்சகம் அமைத்து, கிளேர் ஷார்ட்டிடம் சாவியைக் கொடுத்தபோது பெர்காவ் எல்லாருக்கும் நினைவிருந்தது. பெர்காவுக்குப் பணம் போன 'உதவி-வணிக' ஒதுக்கீட்டை, அதாவது உதவியையும் பிரிட்டிஷ் கம்பெனிகளின் வியாபாரத்தையும் சேர்த்துக் கட்டிய நிதியை, அவர் மூடினார். அதை 1977-ல் தொடங்கியது அவருடைய சொந்தக் கட்சிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதவி வாங்கும் நாடு எங்கள் நாட்டுக் கம்பெனியிடம்தான் பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை 2001-ல் எடுக்கப்பட்டது. 2002-ல் வந்த சட்டம், உதவியின் நோக்கம் வறுமைக் குறைப்பு என்று எழுதியே வைத்துவிட்டது.

இந்தக் காலத்தில் பிரிட்டன் கடவுள் அவதாரம் எடுத்துவிடவில்லை. உதவி கொடுத்தால் பெயர் கிடைக்கும், பெயரிருந்தால் உலக சபைகளில் பேச்சு எடுபடும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்த அரசுக்கும் அது இருக்கும். ஆனால் வறுமைக் கணக்கு ஓர் ஏட்டிலும் செல்வாக்குக் கணக்கு வேறோர் ஏட்டிலும் இருந்ததால், எது எதற்காக என்று வெளியாட்கள் கேட்க முடிந்தது.

சரி, தொகைக்கு வருவோம். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. நூறு பவுண்டு சம்பாதித்தால் எழுபது பென்ஸ். சுவீடன், நார்வே, டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகள் அதை எட்டி வெகுகாலம் தக்கவைத்தன. பெரிய நாடுகள் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயின. பிரிட்டன் 2013-ல் எட்டியது. ஜி-7 என்ற ஏழு பெரிய பணக்கார நாடுகளில் அதுதான் முதலாவது. 2015-ல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் கன்சர்வேடிவ் கட்சியின் டேவிட் கேமரன். தனி அமைச்சகத்தை அவர் கலைக்கவில்லை. முன்னால் 'ஏறக்குறைய' என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்.

2020 ஜூனில் ஜான்சன் அந்த அமைச்சகத்தை வெளியுறவோடு இணைக்கப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உதவிப் பணத்தை எல்லாரும் வானத்தில் மிதக்கும் பெரிய ஏ.டி.எம். போலப் பார்க்கிறார்கள் என்றார். அதோடு ஓர் ஒப்பீடும் சொன்னார்: உக்ரைனுக்குக் கொடுக்கும் அதே அளவுக்கு ஜாம்பியாவுக்கும் கொடுக்கிறோம், ஆனால் ஐரோப்பாவின் பாதுகாப்புக்கு முக்கியம் உக்ரைன்தான் என்று. இரண்டு வருடத்துக்குள் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்த வகையில் அவர் மோப்பம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதைக் கூர்ந்து கேளுங்கள். வறுமை எங்கே அதிகம் என்று அளக்கும் கோலை வைத்துவிட்டு, நமக்கு ஆபத்து எங்கே என்று அளக்கும் கோலைக் கையில் எடுக்கிறார். இரண்டாவது கோல் ராணுவ அமைச்சகத்திலும் வெளியுறவிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. முதலாவது இருந்த ஒரே அறையைத்தான் பூட்டினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனக், கொரோனா செலவைக் காட்டி, 0.7-ஐ 0.5 ஆக்குவதாக அறிவித்தார். தற்காலிகமாக என்றார். 2021 ஜூலையில் நாடாளுமன்றம் 333-க்கு 298 என்ற வாக்கில் அதை ஏற்றது. கன்சர்வேடிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் தெரசா மேயே எதிர்த்து வாக்களித்தார்.

சதவீதம் என்று சொன்னால் மனதில் தைக்காது. ஒரே ஒரு வெட்டைச் சொல்கிறேன். ஏழை நாடுகளின் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்களும் பிரசவ மருந்துகளும் வாங்கிக் கொடுக்கும் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் திட்டத்துக்கு அந்த ஆண்டு பிரிட்டன் 15.4 கோடி பவுண்டு தருவதாக இருந்தது. 2.3 கோடி என்று ஆனது. எண்பத்தைந்து சதவீதம் போய்விட்டது. இதில் எந்த எதிரியும் இல்லை, எல்லைப் பிரச்சினையும் இல்லை. செல்வாக்கு ஏட்டில் இதற்கு ஒரு வரி எழுதவும் இடமில்லை. அதனால் முதலில் இது போயிற்று என்பது என் எண்ணம்.

மீதமிருந்த பணமாவது வெளிநாட்டுக்குப் போயிற்றா? இங்கேதான் வேடிக்கை. உதவி என்று எதையெல்லாம் கணக்கில் காட்டலாம் என்பதற்கு பாரிஸிலுள்ள பணக்கார நாடுகளின் அமைப்பு விதி வகுத்திருக்கிறது. நாட்டுக்குள் வரும் அகதிகளுக்கு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும் செலவையும் உதவியாகக் காட்டலாம் என்கிறது அந்த விதி. உக்ரைன், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஒரு பக்கம், பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயைப் படகில் கடந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். தஞ்சம் கேட்டவர்களை உள்துறை அமைச்சகம் ஓட்டல்களில் தங்கவைத்தது. 2022-ல் பிரிட்டனின் மொத்த உதவி 1,280 கோடி பவுண்டு. அதில் 370 கோடி, அதாவது 29 சதவீதம், பிரிட்டனுக்குள்ளேயே செலவானது. அடுத்த ஆண்டு 430 கோடி. அகதிகளைப் பார்த்துக்கொள்வது நல்ல காரியம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஓட்டல் வாடகை ஏறினால் உள்துறைக்கு வலிக்காது, ஏனென்றால் போவது அடுத்த கணக்கிலிருந்து. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்களே, அதுதான்.

2024-ல் தொழிற்கட்சி வந்தது. பழைய வழக்கப்படி தனிக்குடித்தனம் மீண்டும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2025 பிப்ரவரி 25-ஆம் தேதி பிரதமர் கீர் ஸ்டார்மர், பாதுகாப்புச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்த, உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். கால் நூற்றாண்டில் காணாத குறைவு. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் டிரம்பைச் சந்தித்தார். அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்து, மேம்பாட்டு அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். ராணுவச் செலவு கூடுவதை அவர் எதிர்க்கவில்லை. அந்தச் சுமை முழுவதையும் இந்தப் பெட்டியின் தலையில் இறக்கியதைத்தான் எதிர்த்தார். அவர் இடத்துக்கு வந்த ஜென்னி சாப்மன், பிரிட்டனை உலகத்தின் தர்ம ஸ்தாபனமாகப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டது என்றார். ஜான்சனின் ஏ.டி.எம். பேச்சுக்கும் இதற்கும் நடுவில் ஒரு தேர்தலும் ஆட்சி மாற்றமும் நடந்திருக்கின்றன. பேச்சைக் கேட்டால் அது தெரியாது.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2013-லேயே தங்கள் உதவி அமைப்புகளை வெளியுறவுக்குள் கரைத்துவிட்டன. 1961-ல் கென்னடி தொடங்கிய அமெரிக்க உதவி நிறுவனம் யு.எஸ்.எய்டின் மிச்சம் 2025 ஜூலையில் வெளியுறவுத் துறைக்குள் போனது. ஆக இது ஒரு தீவின் கதை மட்டுமில்லை.

பிரிட்டனில் அந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. 0.7 சதவீதம் என்று அதில் இன்றும் இருக்கிறது. எட்டாத ஆண்டில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் காரணம் எழுதிவைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பொருளாதார நிலை, அரசின் நிதி நிலை, நாட்டுக்கு வெளியே ஏற்பட்ட சூழ்நிலை, இவற்றைக் காரணமாகக் காட்டலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 2021 கணக்கிலிருந்து அந்த விளக்க அறிக்கை வந்துகொண்டிருக்கிறது. கையெழுத்திடுவது வெளியுறவு அமைச்சகம்.

நன்றி, வணக்கம்.