கேட்ட வீட்டுக்குக் கேட்ட சேனல்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் பல மொழி ஊர். அம்மாப்பேட்டைப் பக்கம் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாக இருக்கும் தெருக்கள் உண்டு. சூரமங்கலத்தில் ரயில்வே வேலைக்காக வடக்கிலிருந்து வந்து தங்கியவர்கள் இருக்கிறார்கள். கேபிளில் இடம் போதாமல் போனால் முதலில் எடுக்கப்படுவது இந்த மாதிரிச் சில வீடுகள் மட்டும் பார்க்கிற சேனல்தான். அந்த வீட்டுப் பாட்டிக்கு அது ஒன்றுதான் புரிகிற சேனலாக இருக்கும். அதனால்தான், யாராவது கேட்டால் மட்டும் அந்தச் சேனலை அனுப்புகிற ஒரு முறையைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இடம் ஏன் போதவில்லை? கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையில், 64 குவாம் என்ற, டிஜிட்டல் தகவலை அலையில் ஏற்றும் முறையில், நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-2 முறையில் சாதாரண சேனல் ஒன்றுக்கு 3.75 மெகாபிட் என்று வைத்தால் ஒரு பட்டையில் 10 சேனல். எச்.டி. என்றால் இரண்டு, மூன்றோடு சரி. வழக்கமான முறையில் கன்ட்ரோல் ரூமிலிருந்து எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். யாருமே பார்க்காத சேனலும் தன் இடத்தை விடாது.

இதற்கு மாற்றாக 2000-களில் அமெரிக்காவில் டைம் வார்னர் கேபிள் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் ஸ்விட்ச்டு டிஜிட்டல் வீடியோ. சில நூறு வீடுகளை ஒரு குழுவாக வைத்துக்கொண்டு, அந்தக் குழுவில் யாராவது கேட்கிற சேனலை மட்டும் அங்கே அனுப்புவார்கள். 8 பட்டைகளை ஒதுக்கினால் ஒரே நேரத்தில் 80 சேனல் போகும். ஆனால் பட்டியலில் 300 சேனலைக் கூட வைக்கலாம். எல்லோரும் பார்க்கிற பெரிய சேனல்கள் பழைய முறையிலேயே போகும். அவற்றை இதில் சேர்ப்பதால் லாபமில்லை.

இதில் கருவிகள் இருக்கின்றன. என்றாலும் வேலையைச் செய்வது மென்பொருள்தான்.

முதலில் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் கிளையன்ட் என்ற மென்பொருள். நீங்கள் ரிமோட்டை அழுத்தியதும், இது எப்போதும் வருகிற சேனலா, கேட்டு வாங்க வேண்டியதா என்று அது பார்க்கிறது. கேட்டு வாங்க வேண்டியது என்றால், உங்கள் குழுவில் இப்போது எவை ஓடுகின்றன என்று திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் ஒரு சின்னப் பட்டியலைப் படிக்கிறது. அதில் இருந்தால் உடனே திருப்பிவிட்டு, 'நானும் பார்க்கிறேன்' என்று சர்வருக்குத் தகவல் அனுப்புகிறது. இல்லையென்றால் கேபிளின் மேல்நோக்கிய பாதையில், அதாவது வீட்டிலிருந்து கன்ட்ரோல் ரூம் பக்கம் போகும் பாதையில், கோரிக்கை போகிறது.

கோரிக்கையை வாங்குவது சர்வரில் இருக்கும் செஷன் மேனேஜர் என்ற மென்பொருள். இந்தக் குழுவில் எந்தச் சேனல், எந்த அலைவரிசையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு முழுக்க அதன் கையில். புதிதாக இடம் வேண்டுமென்றால் அது ரிசோர்ஸ் மேனேஜரைக் கேட்கிறது. கேட்டவருக்கு மட்டும் வரும் சினிமாச் சேவையும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும் என்பதால், பங்கிட்டுத் தர ஒரு பொது நடுவர் தேவை. இடம் கிடைத்ததும், அந்தப் பகுதிக்கான எட்ஜ் குவாம் கருவி சேனலை நெட்வொர்க்கிலிருந்து இழுத்துக் கேபிளில் ஏற்றுகிறது. எங்கே திருப்ப வேண்டும் என்று பாக்ஸுக்குப் பதில் போகிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் பொறுக்க மாட்டார்.

நம் ஊர் பஸ்ஸை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும். முதல் ஆள் கேட்டபோது ஏற்காட்டுக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. அடுத்து வருகிறவர்கள் அதிலேயே ஏறுகிறார்கள். கடைசி ஆள் இறங்கினாலும் பஸ்ஸை உடனே டெப்போவுக்கு அனுப்புவதில்லை. வேறு ஊருக்கு வண்டி தேவைப்படும்போதுதான் அதை எடுப்பார்கள். செஷன் மேனேஜரும் அப்படித்தான், காலியான சேனலை இடம் தேவைப்படும்வரை ஓட விடுகிறது. டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போன வீட்டைக் கண்டுபிடிக்க, ரிமோட் கடைசியாக எப்போது அழுத்தப்பட்டது என்ற தகவலையும் கிளையன்ட் அனுப்பும்.

இந்தக் கணக்கு சரியாக வர, ஒவ்வொரு சேனலையும் முன்கூட்டியே ஒரே வேகத்துக்கு அடக்கிவைக்க வேண்டும். ஒரு காட்சிக்கு 2 மெகாபிட், அடுத்த காட்சிக்கு 6 மெகாபிட் என்று ஏறி இறங்கினால் இடத்தை எண்ண முடியாது. பூட்டுப் போடும் என்கிரிப்ஷனும் பிரிந்து போவதற்கு முன்பே மொத்தமாக நடந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பாக்ஸ் தன் குழுவைத் தானே கண்டுகொள்வது. லைன்மேன் ஒரு தெருவை ஒரு நோடிலிருந்து (ஒரு பகுதி வீடுகளுக்குக் கேபிள் பிரியும் இடம்) எடுத்து இன்னொன்றில் மாட்டியிருப்பார், ஆபீஸ் ஏட்டில் அது பதிவாகியிருக்காது. பாக்ஸ் குறிப்பிட்ட அலைவரிசைகளில் வரும் அடையாள எண்களைப் படித்து, தான் எந்தக் குழுவில் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. இது தவறினால் சேனல் வேறு தெருவுக்குப் போகும், கேட்ட வீட்டில் கறுப்புத் திரைதான் இருக்கும். பின்னர் நாளெல்லாம் புகார்.

எல்லா இடமும் நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங், தொலைபேசி இணைப்பகத்தில் எத்தனை அழைப்புகள் இடமில்லாமல் திரும்பும் என்று 1917-ல் சூத்திரம் தந்தார். அந்தச் சிந்தனைதான் இங்கேயும் அடிப்படை. இங்கே பலர் ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்வதால் நிலைமை இன்னும் சாதகம்.

சரி, இது நம்மிடம் ஏன் பரவவில்லை? நம் வீடுகளில் உள்ள கேபிள் பாக்ஸ்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாக்ஸ்கள். வாங்கிக்கொள்ளும், திருப்பிப் பேசாது. அமெரிக்காவிலும் ஒருவழிக் கருவி வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். அவர்களுக்காகத் தனியே ஒரு இணைப்புக் கருவி தர வேண்டியிருந்தது. சேர்வராயன் மலை மாதிரி இடத்தில், ஆம்ப்ளிஃபயர் மேல் ஆம்ப்ளிஃபயராக நீளும் லைனில், எல்லா வீட்டு இரைச்சலும் சேர்ந்து மேல்நோக்கி வரும். அதைச் சுத்தமாக வைப்பது பெரும்பாடு.

ஆனால் ஃபைபர் வந்த வீட்டில் ஐபி டிவி, அதாவது இணைய முறையில் வரும் டிவி, போட்டால் இதே யோசனை வேறு உருவில் வந்துவிடுகிறது. பாக்ஸ் ஐஜிஎம்பி என்ற நெட்வொர்க் விதிமுறையில் கேட்கும், கேட்ட சேனல் மட்டும் வரும். ஆகவே ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் ஒரே ஒரு வீடு கன்னடச் சேனல் கேட்டாலும் அதற்காக நிரந்தர இடம் ஒதுக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இந்த முறையில் எந்த வீடு எப்போது எதைப் பார்த்தது என்று சர்வருக்குத் தெரியும், தெரியாமல் அது இயங்க முடியாது. சேனல் மாறியதும் அந்த விவரத்தை வீட்டு அடையாளம் இல்லாமல் பகுதிக் கணக்காக மட்டும் வைத்தாலே எந்தச் சேனலுக்கு ஆதரவு இருக்கிறது என்று அறியப் போதும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. புது பாக்ஸ் மாட்ட வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாங்கள் பார்க்கிற சேனல் விவரம் எத்தனை நாள் உங்களிடம் இருக்கும்? அதை யாருக்குக் கொடுப்பீர்கள்?

வணக்கம்.