ஃபேஸ் பேக்கைக் காயவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் குளித்துவிட்டு வந்து கண்ணாடி பார்க்கும்போது கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். சிரித்தால் தோல் இழுக்கும். கடலோர ஊர்க்காரர்கள், நம் பக்கம் காற்றில் ஈரம் இருக்கிறதே என்பார்கள். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஈரத்தால் என்ன பயன்? இந்த வறட்சிக்குப் பலரும் ஃபேஸ் பேக் போடுகிறார்கள். போடுவதில் பெரிய தவறு இல்லை, எடுக்கும் நேரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பேக் நன்றாகக் காய்ந்து, முகம் பலகை மாதிரி விறைத்து, வாயைத் திறந்தால் வெடிப்பு விழும் வரை காத்திருப்பார்கள். வறண்ட தோலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. எழுதும் தாளின் கனத்தில் கால் பங்குகூட வராது. இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து, அவற்றின் இடுக்குகளில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியிருக்கும். இந்தக் கொழுப்புதான் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. காரமான சோப்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீர், வயது எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். மேலடுக்கில் நீர் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் வளைந்து கொடுக்காது, செதில் செதிலாக உரியும்.

ஈரமான பேக்கைத் தடவியதும் அந்த அடுக்கு நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். சுருக்கங்கள் மறைந்த மாதிரி தெரிவது அதனால்தான். பேக் காயத் தொடங்கியதும் கதை தலைகீழாகிறது. கொடுத்த ஈரம் ஆவியாகிப் போகும், மாவும் மண்ணும் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். முகம் இறுகுவதை, தோல் டைட் ஆகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். இறுகியது மேலே காய்ந்த மாவுதான். முல்தானி மெட்டி, கடலை மாவு, பயத்தம் மாவு எல்லாம் எண்ணெய் வழியும் முகத்துக்கு நல்லவை. வறண்ட முகத்துக்கு அவை வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் அப்படியே. உரித்தெடுக்கும் பீல் ஆஃப் மாஸ்க், தோலோடு பூனைமுடியையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அப்படியானால் எதைப் போடலாம்? வீட்டில் செய்வதற்கு ஓட்ஸைத்தான் முதலில் சொல்வேன். ஊறினால் கொழகொழவென்று வருகிறதே, அது பீட்டா குளுக்கான் என்ற பொருள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அரிப்பைத் தணிக்கும் பொருள்களும் ஓட்ஸில் உண்டு. நைஸாக அரைத்த ஓட்ஸைத் தோல் காக்கும் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003லேயே ஏற்றுக்கொண்டது.

எதுவும் கலக்காத வெறும் ஓட்ஸ் வாங்குங்கள். மசாலா ஓட்ஸை முகத்தில் அப்பிக்கொண்டு கண் எரிகிறது என்று சொல்லக் கூடாது. மிக்ஸியின் சின்ன ஜாரைத் துடைத்து, ஈரமில்லாமல், 3 மேசைக்கரண்டி ஓட்ஸைப் போட்டு நைஸாக அரையுங்கள். பதம் பார்க்க ஒரு வழி: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவிக் கலக்கினால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்க வேண்டும். அடியில் குருணையாகத் தங்கினால் இன்னொரு சுற்று அரைக்க வேண்டும். குருணை இருந்தால் கழுவும்போது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

இரண்டு மேசைக்கரண்டி பொடிக்கு 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். கொதிநீர் ஊற்றினால் கூழாகிக் கட்டி தட்டும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஒரு தேக்கரண்டி தேன் சேருங்கள். தோல் ரொம்பவும் வறண்டிருந்தால் ஒரு தேக்கரண்டி பாலாடையும் சேர்க்கலாம். இட்லி மாவைவிட ஒரு சுற்று கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தில் வழியும்.

முகத்தைக் கழுவி, துடைக்காமல், அந்த ஈரத்தின் மேலேயே கனமாகப் பூசுங்கள். மெல்லிசாக இழுவினால் சீக்கிரம் காய்ந்துவிடும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம். இப்போது முக்கியமான வேலை, ஃபேனை நிறுத்துவது. பேக் போட்டுக்கொண்டு சீலிங் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்தால் ஆறே நிமிடத்தில் காய்ந்துவிடும். பழைய மல் வேட்டித் துணி ஒரு துண்டு இருந்தால் நனைத்துப் பிழிந்து, மூக்குக்கு வழி விட்டு மேலே போர்த்திக்கொள்ளுங்கள். பத்திலிருந்து பதினைந்து நிமிடம் போதும். தாடை ஓரத்திலும் மூக்கின் பக்கவாட்டிலும்தான் முதலில் காயும். அங்கே நிறம் வெளுத்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்துவிடுங்கள்.

கழுவும்போது தேய்க்காமல் தண்ணீரால் நனைத்து நனைத்து வழித்தெடுங்கள். சோப்பு வேண்டாம். துண்டால் ஒற்றிவிட்டு, முகத்தில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். தேனும் கிளிசரினும் நீரை இழுத்து வைப்பவை. மேலே மூடி இல்லாமல் காற்றும் வறண்டிருந்தால், தோலின் கீழ் அடுக்கிலிருந்தே நீரை இழுத்துக் காற்றில் விட்டுவிடும். வெறும் கிளிசரினைப் பூசியவர்களுக்கு முகம் பிசுபிசுத்தும் வறட்சி தீராமல் போவது இதனால்தான். அளவு தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். முகம், கழுத்து இரண்டுக்கும் அப்படி இரண்டரை விரல் வேண்டும். அதிகமாக உரியும் இடத்தில் மேலே துளி வாஸ்லைன். பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கலாம், துளைகளை அடைக்கும்.

சோற்றுக்கற்றாழையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது எரிச்சலும் அரிப்பும் உண்டாக்கும். மடலை நிமிர்த்தி வைத்துப் பதினைந்து நிமிடம் வடியவிட்டு, கழுவி, பச்சைத் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெயிலில் கன்றிய முகத்துக்குக் குளிர்ச்சி, சரி. ஆனால் தனியாகப் போட்டால் ஈரம் நிற்காது. வாழைப்பழம் மென்மை தரும், புருவத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தும்.

கடையில் ஷீட் மாஸ்க் என்று, சீரம் என்ற திரவத்தில் ஊறிய முக வடிவத் துணி விற்கிறார்கள். அதில் இருப்பது தண்ணீர், கிளிசரின், பெரும்பாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹையலூரானிக் அமிலம். பதினைந்து, இருபது நிமிடம்தான். போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் துணி காய்ந்து, அதுவும் ஈரத்தைத் திருப்பி இழுக்க ஆரம்பிக்கும். எடுத்தபின் கழுவ வேண்டாம். மிஞ்சிய சீரத்தைக் கழுத்தில் தடவிவிட்டு மேலே க்ரீம் போடுங்கள். லேபிளில் ஆல்கஹால் டெனாட் (சட்டென்று ஆவியாகும் சாராயம்), மென்தால், வாசனைப் பொருள் இருந்தால் வறண்ட தோலுக்கு வாங்காதீர்கள். சீட்டைல் ஆல்கஹால் என்றிருந்தால் பயப்பட வேண்டாம், பெயர்தான் ஆல்கஹால், அது மெழுகு மாதிரியான பொருள். எந்த மாஸ்க்காக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு.

எலுமிச்சையும் சமையல் சோடாவும் முகத்துக்கு ஆகாது. தோலின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏறக்குறைய 5. எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். எலுமிச்சைச் சாறு 2 பக்கம், சோடா கரைசல் 8க்கு மேல். எலுமிச்சை தடவிய முகத்தோடு வெயிலில் போனால் கொப்புளம் வந்து, ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம்.

சாப்பிடுகிற பொருள்தானே, என்ன செய்துவிடும் என்பதும் சரியில்லை. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2000க்கும் அதிகமானோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள். வெடித்த தோல் வழியாகப் புரதம் உள்ளே போவது வயிற்றுக்குள் போவது மாதிரி இல்லை. ஆகவே எந்த பேக்கையும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவு தடவி, 15 நிமிடம் கழித்துக் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். தோல் சிவந்து நீர் கோத்திருக்கும்போது பேக்கே வேண்டாம்.

மூக்கின் ஓரமும் புருவமும் மட்டும் சிவந்து, பிசுக்காக மஞ்சள் செதில் உரிகிறதா? தலையில் பொடுகும் இருக்கிறதா? அது வறட்சியாக இல்லாமல், செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற பொடுகு வகைத் தோல் அழற்சியாக இருக்கலாம். அங்கே எண்ணெயும் பாலாடையும் பூசினால், அந்தக் கொழுப்பைத் தின்று வளரும் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேக் போட்டும் க்ரீம் போட்டும் உடம்பு முழுக்க வறட்சி தீரவில்லை, கூடவே சோர்வும் எடை ஏற்றமும் இருக்கிறது என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கலந்த பேக் மீந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் எடுக்க வேண்டாம். அதில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை, புளித்துவிடும். அப்போதே முழங்கையிலும் குதிகாலிலும் தடவிக் கழுவிவிடுங்கள். கழுவுவது வாஷ் பேசினில் வேண்டாம், ஒரு வாளி மேல் குனிந்து கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். ஓட்ஸ் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிவரும்.

நன்றி, வணக்கம்.