காவிரியின் ராட்சத மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயரே இல்லை!

[திரையில்: தராசில் இரண்டு அரிசிச் சிப்பங்கள்]

வீட்டுக்கு வாங்குகிற 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை எடுத்துத் தோளில் வையுங்கள். போதாது, மேலே இன்னும் நாலு கிலோ ஏற்றுங்கள். 1946ல் மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் ஒருவர் தூண்டிலில் மாட்டிய ஒரே ஒரு மீனின் எடை அது. 120 பவுண்டு. சுறாவும் இல்லை, திமிங்கிலமும் இல்லை, கெண்டை! பிடித்தவர் வான் இங்கன் குடும்பத்துக்காரர். மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்தார்களே, அந்த மைசூர்க் குடும்பம்தான்.

மீனின் பெயர் யானைக்கெண்டை. ஆங்கிலத்தில் மஹ்சீர். இந்தியாவில் மஹ்சீர் வகைகள் பல உண்டு, ஆனால் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும் இருக்கிற இந்த வகைக்கு முதுகில் திமில் இருக்கும். காங்கேயம் காளையைத் தண்ணீருக்குள் விட்ட மாதிரி.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தள்ளிவிடாதீர்கள். காவிரி குடகில் பிறக்கிறது, மேகதாட்டு பள்ளத்தாக்கில் நெருக்கி ஓடுகிறது, ஒகேனக்கல்லில் விழுகிறது, 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் போய் நிற்கிறது. நமக்கு வேண்டியது மேட்டூருக்கு மேலே இருக்கிற காட்டுப்பகுதி. இரண்டு கரையிலும் நீர்மருது மரங்கள், மரத்தில் சாம்பல் நிற மலை அணில், மணல் திட்டில் முதலை, தண்ணீரில் கூட்டமாக நீர்நாய். 2022ல் தமிழக அரசு இங்கே 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. பின்னணி அவ்வளவுதான்.

ஒகேனக்கல் போகாதவர்கள் கம்மி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, பரிசல், பொரித்த மீன். முன்பு பரிசலின் அடியில் மாட்டுத்தோல் கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். நான் போனபோது மீன் பொரிக்கிற அக்காவிடம் "இது என்ன மீன்கா?" என்று கேட்டேன். "ஜிலேபி கெண்டை, கட்லா, ரோகு, எது வேணும் தம்பி?" என்றார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரிக்கே வெளியூரான மீனை வாழையிலையில் வைத்து ருசித்துச் சாப்பிடுகிறோம். (சாப்பிட்டேன். இரண்டு தட்டு. ருசிக்கு நாடு கிடையாது.)

இப்போது தலைப்புக்கு வருவோம். எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான்.

1870களிலேயே வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் இந்த மீனைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் மீன் அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து சிலர் தேடி வந்து, இல்லை, காவிரியில் இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். உடனே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்தார்கள். கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோரே என்று கரையோர முகாம்கள். தூண்டிலுக்கு இரை என்ன தெரியுமா? ராகி உருண்டை! லண்டனிலிருந்து விலையுயர்ந்த தூண்டில் கம்பைக் கொண்டு வந்து, முனையில் நம்மூர்க் களியை உருட்டி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மாட்டிய மீன் பாறை இடுக்கில் இழுத்துக்கொண்டு ஓடினால் பரிசலில் ஏறிப் பின்னாலேயே போவார்கள். பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், இத்தனை படங்கள் இருக்கின்றன. ஆனால் அறிவியல் பட்டியலில் இந்த மீனுக்குச் சரியான பெயர் இல்லை! நடுவில் ஒரு பழைய பெயரை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், கடைசியில் அந்தப் பெயர் வேறொரு மீனுடையது என்று தெரிந்தது.

பதில் வந்தது மோயாற்றிலிருந்து. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடிப் பவானிசாகர் அணைக்கு வருகிற அதே மோயாறு. அங்கே கிடைத்த திமில் மீன்களின் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் வைத்து ஆராய்ந்தபோது, ஏற்கெனவே பெயர் வைத்த ஒரு மீனோடு பொருந்தியது. அது கேரளத்துப் பாம்பாற்றில் எடுத்த சின்னச் சின்ன மீன்களுக்கு வைத்த பெயர். பாம்பாறு அமராவதி அணைக்கு வருகிறது, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது, ஆக எல்லாம் ஒரே குடும்பம்தான். குட்டி மீனைப் பார்த்து ஆனைக்குட்டி என்று யாருக்குத் தோன்றும்? பெயர்: டோர் ரெமாதேவி. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் மீன்களை ஆராய்ந்த ரெமா தேவி அவர்களைக் கௌரவித்து வைத்தது. காவிரியின் பெரிய மீனுக்கு ஒரு பெண் விஞ்ஞானியின் பெயர், இது ஏன் நம் பள்ளிப் புத்தகத்தில் இல்லை என்று எனக்குக் கோபமே வருகிறது.

இந்த உண்மை தெளிவானது 2018ல். அதே 2018ல்தான் இந்த மீன் 'மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ளது' என்ற பட்டியலிலும் சேர்ந்தது. பிறப்புச் சான்றிதழும் ஐசியு சீட்டும் ஒரே வருடத்தில்.

யார் செய்த வேலை? வெடி போட்டு மீன் பிடிப்பது, மணல் அள்ளுவது, அணைகள், இதெல்லாம் உண்டு. ஆனால் இன்னொரு காரணம் நல்லெண்ணம். மஹ்சீர் குறைகிறதே என்று மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அது வேறு வகை. பெருகியது, நன்றாகவே பெருகியது. கலிபோரே முகாமில் 1998லிருந்து 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கைப் பார்த்தால், மாட்டுகிற மீன்களின் எண்ணிக்கை ஏறுகிறது, சராசரி எடை இறங்குகிறது, திமில்காரர் காணாமல் போகிறார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு "ஆஹா, ஆற்றில் மஹ்சீர் கூடிவிட்டது!" என்றுதான் தோன்றும்.

அப்புறம் 2012 வாக்கில் கர்நாடகப் பக்கத்துச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று முகாம்களின் தூண்டிலை நிறுத்தினார்கள். சட்டப்படி சரி. ஆனால் கணக்கு எழுதிய ஆள் போய்விட்டான், இரவில் வெடி போடுகிறவனைப் பார்த்துக் கத்துவதற்குக் கரையில் இருந்த ஆளும் போய்விட்டான். என் கட்சி, கட்டுப்பாடு வைத்து, பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடுவதை அனுமதிக்கலாம் என்பது. முள் குத்தினால் மீனுக்கு வலிக்காதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி, கமெண்டில் வந்து சண்டை போடுங்கள்.

சண்டைக்கு முன்னால் ஒரு வேலை. சத்தியமங்கலம், பவானிசாகர், பென்னாகரம், உடுமலைப் பக்கத்து மக்களே, உங்கள் தாத்தா இந்தத் திமில் மீனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? கேட்டு எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.