துப்பாக்கியை வைத்துவிட்டு எல்லை கடந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ரொறன்ரோவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு அன்டி பாரி என்ற பெயர் தெரிந்திருக்கும். 1995 முதல் 2010 வரை கனடாவின் பொது ஒலிபரப்பான சி.பி.சி. வானொலியின் காலை நிகழ்ச்சியை நடத்தியவர். புதிதாக வந்திறங்கிய நம்மவர் பலர், வேலைக்குப் போகும் வழியில் வாகன நெரிசலில் நின்றபடி ஆங்கிலத்துக்குக் காதைப் பழக்கியது அவருடைய குரலில்தான். அந்தக் குரலுக்கு உரியவர் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவத்தை விட்டு வந்தவர் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

படையில் சேர மாட்டேன் என்று முதலிலேயே மறுத்தவரை நாம் மனச்சாட்சி உள்ளவர் என்று மதிக்கிறோம். சேர்ந்த பின்னர் விட்டு வந்தவரைப் பற்றி அப்படிப் பேச நமக்கு நா எழுவதில்லை. இந்த வேறுபாடு நியாயமற்றது என்பதை நான் பல மேடைகளில் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் மன்னிக்க, இன்றும் அதையே சொல்லப் போகிறேன்.

வியட்நாம் போரின்போது அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்தது. கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்ன என்பதை ஈழத்திலிருந்து வந்த நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கல்லூரியில் படிப்பவருக்குப் பல ஆண்டுகள் ஒத்திவைப்புக் கிடைத்தது. போரில் ஈடுபட மனம் ஒப்பவில்லை என்று விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளித்தது. ஆனால் விண்ணப்பிப்பவர் எல்லாப் போர்களையும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும், ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பது போதாது என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தன் நம்பிக்கையைப் பக்கம் பக்கமாக எழுதி, ஆட்சேர்ப்புச் சபையின் முன் நின்று வாதாட யாரால் முடியும்? படித்த வீட்டுப் பிள்ளையால் முடியும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குப் போனவனுக்கு, அது என்ன போர் என்பது சீருடை அணிந்த பிறகுதான் விளங்கியது. விளங்கிய பின்னர் அவன் முன்னிருந்த வழி, பெரும்பாலும் தப்பி வருவதுதான். முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே பெரும்பாலும் நின்றது படிப்பு வசதிதான். மனச்சாட்சியின் அளவு அல்ல.

கனடா அப்போது 1967இல் கொண்டுவந்த புள்ளி முறைப்படி குடிவரவாளரை ஏற்றுக்கொண்டிருந்தது. நூறு புள்ளிகளில் ஐம்பது பெற்றால் போதும். எல்லைச் சாவடியிலேயே விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு இருபது வரை உண்டு என்பதால் இங்கும் படித்தவருக்கே கை ஓங்கியிருந்தது. இவற்றுள் பதினைந்து புள்ளிகள், எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஆளைப் பார்த்துத் தம் விருப்பப்படி போடுபவை. ஆகவேதான் உதவி செய்த அமைப்பினர், தலைமுடியை வெட்டிக்கொள், கழுத்துப்பட்டி கட்டு, வேலை தருவதாக யாராவது எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியாது. படையை விட்டு வந்தவர்களை மட்டும் சாவடிகளில் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1969 பெப்ரவரியில், இதே நகரத்தில் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெண்டன் கல்லூரி மாணவர் ஐவர் அதைச் சோதித்துப் பார்த்துவிடத் துணிந்தார்கள். அமெரிக்கப் படையை விட்டு வந்த ஓர் உண்மையான இளைஞரின் பத்திரங்களை நகலெடுத்து, ஐவரும் அந்த ஒரே ஆளாக நடித்து, அமெரிக்கப் பக்கத்திலிருந்து வெவ்வேறு சாவடிகளுக்கு வந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒரே பெயர், ஒரே படிப்பு, ஒரே வேலைத் தகுதி, ஐந்து முகங்கள்! ஐவருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் சிலர் மறுகரையை அடைந்தபோது, வருபவர் யார் என்பது அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சொந்த நாட்டின் குடிமக்களையே கனடா உள்ளே விடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தேவாலயங்களும் குரல் எழுப்பின. அவ்வாண்டு மே 22ஆம் நாள், குடிவரவு அமைச்சர் அலன் மக்ஈச்சன், விண்ணப்பிப்பவரின் இராணுவ நிலையை இனி அதிகாரிகள் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அந்த மாணவர்கள் ஐவரும் கனேடியர்; அவர்களை யாரும் வியட்நாமுக்கு அனுப்பப் போவதில்லை. ஆயினும் பிறருக்காகத் துணிந்தார்கள். நான் நட்பு என்று சொல்வது இதைத்தான். போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் சபையைச் சேர்ந்த நான்சி போக்கொக் என்ற நகைவினைஞர், ரொறன்ரோவில் தம் வீட்டுக் கதவை இப்படி வந்த இளைஞர்களுக்குத் திறந்துவைத்திருந்தார். பின்னாளில் வியட்நாமிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த அகதிகளுக்கும் துணை நின்றார். உல்லாசப் பயணியாக உள்ளே வந்துவிட்டவர்கள், குடிவரவுக்கு விண்ணப்பிப்பதற்காக மறுபடி எல்லைக்கு வெளியே போய்த் திரும்ப வேண்டியிருந்ததும் உண்டு. அமெரிக்க மண்ணைச் சில நிமிடம் தொட்டாலே கைதாகும் ஆபத்து இருந்த அந்தப் பயணத்தில், காரை ஓட்டிச் சென்றவர்கள் முன்பின் அறிமுகமில்லாத கனேடியர்கள்.

எனக்கு அப்படி வந்த ஒருவர் நண்பராக வாய்த்தார். பஃபலோவையும் போர்ட் ஈரியையும் இணைக்கும் அமைதிப் பாலம் வழியாக நம்மவர்கள் அகதிகளாக வந்துகொண்டிருந்த காலம் அது. தேவாலய நிலவறை ஒன்றில் எங்களுக்குப் படிவம் நிரப்ப உதவியவர்களுள் அவர் ஒருவர். ஊரில் நான் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. என் படிவத்தைப் பென்சிலால் முதலில் நிரப்பிக் காட்டி, பிறகு அழித்துவிட்டு, இனி நீரே பேனாவால் எழுதும் என்பார். எந்தத் தாளையும் நகல் எடுக்காமல் எந்த அதிகாரியிடமும் கொடுக்காதீர் என்பது அவருடைய வேதம். தாம் இராணுவத்தை விட்டு வந்தவர் என்பதை அவர் எனக்குச் சொன்னது, பழகிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே. ஆட்சேர்ப்பை மறுத்து வந்த தம் நண்பர்களோடு இருக்கும்போதுகூட அவர் சற்றுத் தயங்கியே பேசுவார். அதற்குக் காரணம் உண்டு: 1977 ஜனவரி 21ஆம் நாள் ஜனாதிபதி கார்ட்டர் வழங்கிய பொதுமன்னிப்பு ஆட்சேர்ப்பை மறுத்தவர்களுக்குக் கிடைத்தது, படையை விட்டு வந்தவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. தந்தை இறந்தபோது அவர் ஊருக்குப் போகவில்லை.

ஈராக் போரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கையைக் காட்டிவிட்டார். எனவே சுருக்கமாக. அந்தப் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை. ஆகையால் 2004இல் ஜெரமி ஹின்ஸ்மன் தொடங்கி இங்கே வந்தவர்கள் அனைவரும் படையை விட்டு வந்தவர்களே. நீங்களாக விரும்பித்தானே சேர்ந்தீர்கள் என்ற பழைய கேள்வி அவர்களைத் துரத்தியது. ஹின்ஸ்மனுக்காக வாதாடிய ஜெஃப்ரி ஹவுஸ், வியட்நாம் காலத்தில் ஆட்சேர்ப்பை மறுத்து வந்தவர். ஆயினும் அவர்களது அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2007 நவம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. 2008 ஜூன் 3ஆம் நாள், இவர்களைத் தங்க விட வேண்டும் என்று நாடாளுமன்றம் 137க்கு 110 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். அடுத்த மாதமே ரொபின் லோங் என்ற படைவீரர் நாடு கடத்தப்பட்டார். அமெரிக்க இராணுவ நீதிமன்றம் அவருக்குப் பதினைந்து மாதச் சிறை விதித்தது. நன்றி, வணக்கம்.